மண் ஆகாத செடி

பல்லியின் வால் மட்டும்தான் தெரிகிறது. மீதி உடம்பு செடியின் குடுவைக்குள், அந்தக் கலங்கல் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. என்றைக்கு விழுந்ததோ, தோல் வெளுத்து உரிந்து மிதக்கிறது, அதைச் சுற்றி எறும்புகள், இரண்டு கொசு, பச்சையாக மினுங்குகிற ஈயின் ஒற்றைச் சிறகு. மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறேன். ஏன் பார்க்கிறேன்? பல்லில் மாட்டின நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி கண் அங்கேயே போகிறது. காலையில் தின்ற இட்லி தொண்டைக்குக் கீழே வந்து நிற்கிறது. மூச்சை விட்டால் வாடை. அழுகின மீனும் தேனும் சேர்ந்த மாதிரி, அதிலும் அந்தத் தித்திப்புதான் தாங்க முடியவில்லை, வெறும் நாற்றமாக இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையை முடித்துவிடுவேன், இது நாற்றத்தோடு கொஞ்சம் பாசமும் காட்டுகிறது. அந்தப் பாசத்தை நம்பித்தான் பல்லி வந்திருக்கும். குடுவையின் உதட்டில் நக்கி நக்கி வழுக்கி உள்ளே போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்து இருக்கும், மலைப்பக்கமிருந்து சாரல் வருவதும் போவதுமாக இருக்கிறது, தென்காசி முழுக்க காயாத துணி வாடை. பின்வாசல் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வாளியில் விழுகிறது. வீட்டில் நான் மட்டும். என் மனைவி உலகு நாலு நாளைக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள், என்னிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னாள், அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருஷக் கல்யாணத்தில் அவள் கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை. எனக்கு இப்போது இந்தச் செடியின் மண்ணை மாற்ற வேண்டும். கையை உள்ளே விட வேண்டும். முப்பத்து நாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்தாளுநராக இருந்தவன் நான், ஆவுடைநாயகம் சார் மருந்தறை கோயில் கருவறை மாதிரி என்று டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள், தரையில் ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிறவன். அந்தக் கையை இதற்குள் விட வேண்டும்.

மகள் குழலிதான் இதைக் கொண்டுவந்தாள், மூன்று வருஷத்துக்கு முன்னால். குற்றாலத்து அம்மன் பேரைத்தான் வைத்தேன் அவளுக்கு, குழல்வாய்மொழி என்று. கல்லூரியில் தாவரவியல் டீச்சர். ஐந்து தொட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பச்சைக் கைக்குழந்தைகளை இறக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்கினாள். இலை நுனியிலிருந்து ஒரு கொடி இறங்கி, அதன் முனை வீங்கி, வாய் திறந்து, மூடியும் வைத்து, சிவப்பும் பச்சையுமாக. செடி என்றால் செடி மாதிரி இருக்க வேண்டாமா, இது அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்துப் போட்ட உறுப்பு மாதிரி தொங்குகிறது. என்னம்மா இது என்றேன். குடுவைச் செடிப்பா, பூச்சி தின்னும் என்றாள். செடிக்கு எதுக்குப் பூச்சி என்றேன். அவள் உட்கார்ந்து விளக்கினாள், வகுப்பு எடுக்கிற குரலில். இது நிற்கிற காட்டில் மழை பெய்து பெய்து மண்ணில் இருக்கிற சத்தெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுமாம், மண்ணில் ஒன்றும் கிடைக்காமல்தான் இப்படி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறதாம். அப்போ நாம நல்ல மண்ணாப் போட்டா இந்த அசிங்கமெல்லாம் வேண்டாமே என்றேன். அவள் சிரித்தாள். "நல்ல மண்ணு போட்டா செத்துரும்ப்பா. இதுக்கு மண்ணே ஆகாது. உரம் வச்சா வேர் வெந்துரும். குழாத்தண்ணி கூடக் கூடாது, அதுல உப்பு இருக்குல்லா." நான் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புரிந்தது, உப்புக் கணக்கு எனக்குத் தெரியாததா. புரிந்தது என்பதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்திருந்தது.

ஏனென்றால் அவள் வீட்டை விட்டே போன பிறகு, உலகு தொட்டிகளில் மாட்டுச்சாணி உரம் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாவம் வெறும் நாருல நிக்குது, ஒரு வாய் மண்ணு கூட இல்லாம, என்று அவள் தனக்குள் பேசிக்கொண்டே போட்டாள். மகளுக்குப் போட வேண்டிய சோற்றைப் போடுகிற மாதிரி அள்ளி அள்ளிப் போட்டாள். போர்த் தண்ணியைக் குடம் குடமாக ஊற்றினாள். நான் அந்தக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு காப்பி குடித்தேன். ஏ உலகு, அதுக்கு ஆகாதாம்டி என்று நாலு சொல். சொல்லவில்லை. முதல் செடி இருபது நாளில் போனது, இலை ஓரம் கருகி, தண்டு கொழகொழத்து. பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. உலகு ஒவ்வொன்றுக்கும் அழுதாள். எனக்கு ஒவ்வொன்றுக்கும், சொல்லத்தான் வேண்டும், ஒரு திருப்தி. நானாக எதையும் தூக்கி எறியவில்லை. கை படவில்லை. என் கை சுத்தமாக இருந்தது.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், சோற்றில் தயிர் ஊற்றியிருந்தேன். குழலி எதிரே உட்கார்ந்து சொன்னாள், ரூபனுக்கும் எனக்கும் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடிஞ்சிட்டுப்பா என்று. எந்த ரூபன் என்றேன். எங்க காலேஜ் லேப்ல இருக்காங்கள்லா என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, அவங்கப்பா உங்க ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்க, யேசுவடியான்னு, உங்களுக்கு நல்லாத் தெரியுமாம் என்றாள். யேசுவடியான். துப்புரவுப் பணியாளர். சவக்கிடங்கு கழுவுகிறவர், சாக்கடை எடுக்கிறவர். விரல் சோற்றுக்குள் இருந்தபடி இருந்தது. யோசித்துச் சொன்னதில்லை, வாந்தி யோசித்தா வருகிறது. "உன்னப் பாக்கவே அருவருப்பா இருக்கு" என்றேன். அவள் அழவில்லை. எழுந்தாள், கை கழுவினாள், ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் மீதிச் சோற்றைச் சாப்பிட்டேனா? சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நான் சாதி பார்க்கிறவன் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். சுத்தம் பார்ப்பேன், அவ்வளவுதான் என்பேன். மாத்திரையை யார் உள்ளங்கையிலும் வைக்க மாட்டேன், கவுண்டரில் போட்டுத் தள்ளுவேன், கிருமி பாருங்க என்பேன். எல்லோருக்கும் அப்படியா? பெரிய டாக்டர் வீட்டு அம்மாவுக்குக் கையில் கொடுத்திருக்கிறேன். தாசில்தாருக்குக் கொடுத்திருக்கிறேன். கிருமி ஆள் பார்த்து வருகிறது போல.

நேற்றுச் சாயங்காலம் உலகு போன் பண்ணினாள். குழலிக்கு ஸ்கூட்டரில் விழுந்து கால் முறிந்திருக்கிறது, கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாள், அதற்குத்தான் உலகு போனது. "அந்த ஒத்தச் செடி இருக்கா? பிள்ளை கேக்கா" என்றாள். இருக்கு என்றேன். "நான்தான் சாணி போட்டுக் கெடுத்துட்டேனாம், அந்தத் தம்பி சொல்லுது. ஒடனே எடுத்து வேரைக் கழுவி வேற நார்ல வைக்கணுமாம். ஒங்களால ஏலுமா?" தம்பி. நாலு நாளில் தம்பி ஆகிவிட்டான். "என்னப் பத்தி ஏதும் கேட்டாளா?" என்றேன். உலகு, "செடியப் பத்திக் கேட்டா" என்றாள்.

சரி. அதனால்தான் இங்கே நிற்கிறேன். குழலி விட்டுப்போன அட்டைப்பெட்டியில் எல்லாம் இருக்கிறது, ஒரு பொட்டலம் காய்ந்த வெளிறின பாசி, தேங்காய் மட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்கின துண்டு, தெர்மாகோல் மாதிரி எடையே இல்லாத வெள்ளைக் குருணை, கொஞ்சம் அடுப்புக்கரி. எதை எவ்வளவு? எதை முதலில்? தெரியவில்லை. தொட்டியில் பழைய சாணி உப்பிக் கறுத்து நிற்கிறது, அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. அதில் புழு நெளிகிறதா அல்லது என் கண்ணா? நெளிகிறது. உலகுக்குப் போன் போடுகிறேன். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுத்தது ஆண்குரல்.

"சார், நான் ரூபன். அத்தை குளிச்சிட்டிருக்காங்க."

அத்தை. வைத்துவிடலாம். வைக்கிறேன், வைக்கப்போகிறேன்.

"செடிதானே சார்? நான் சொல்லுதேன். அந்தப் பெட்டியில உள்ளது நான் வாங்கிக் குடுத்ததுதான், மொதல்ல அந்தத் தொட்டிகளுக்குக் கலந்து குடுத்ததும் நான்தான்."

கலந்து குடுத்ததும் அவன்தான். அப்படியானால் மூன்று வருஷமாக அவன் கையால் கலந்தது என் பின்வாசலில் இருந்திருக்கிறது. நான் அதன் பக்கத்தில் நின்று காப்பி குடித்திருக்கிறேன். அவள் ஒவ்வொரு தொட்டியாக இறக்கினபோது ஒன்றை நானும் வாங்கி வைத்தேனே, இந்தக் கையால். உள்ளங்கையை வேட்டியில் துடைக்கிறேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு, யாரும் பார்க்காத வீட்டில். துடைத்த பிறகு கூச்சமாக இருக்கிறது.

"சொல்லு" என்றேன்.

"மட்டைத்துண்டை மழைத்தண்ணியில மூணுவாட்டி அலசுங்க சார். அதுல உப்பு இருக்கும், போகணும். அது ரெண்டு பங்கு, பாசி ஒரு பங்கு, அந்த வெள்ளைக் குருணை ஒரு பங்கு, கரி ஒரு கைப்பிடி. வேற எதுவும் வேண்டாம். மண்ணு ஒரு துளி கூடக் கூடாது. செடிய எடுக்கும்போது தண்டைப் பிடிச்சு இழுக்காதீங்க, தொட்டியைச் சாய்ச்சு மொத்தமா வெளிய எடுத்து வாளித் தண்ணியில முக்கி முக்கிக் கழுவுங்க. வேர் கறுப்பாத்தான் இருக்கும். அழுகிட்டுன்னு நினைச்சு வெட்டிராதீங்க, அதோட நிறமே அதான். விரலால அமுக்கிப் பாருங்க, கொழகொழன்னு இருக்கறது மட்டும்தான் அழுகல்."

"ம்."

"அப்புறம் சார்." ஒரு சின்ன இடைவெளி. "கையுறை போட்டுக்கிட்டுச் செய்யுங்க. உள்ள அழுகல் கிடக்கும். கையில ஏதும் கீறல் இருந்தா ரொம்பக் கவனம்."

போனை வைத்துவிட்டேன். சரி என்று கூடச் சொல்லவில்லை.

கையுறை. ஏன் சொன்னான்? அக்கறையாகச் சொல்லியிருப்பான், யாரும் சொல்வதுதானே, தோட்ட வேலைக்குக் கையுறை போடச் சொல்வது உலக வழக்கம். ஆனால் அந்த இடைவெளி. அப்புறம் சார் என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டானே, அது ஏன்? அவனுக்குத் தெரியுமா? தெரிந்தால் குழலிக்கும் தெரியும். தெரிந்திருந்தால் குழலி அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லியிருப்பாள், என் முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பாள், அவள் சொல்லவில்லை, ஆகையால் தெரியாது. அன்றைக்குத் தெரியாது. இப்போது? எட்டு மாசம் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் பேசமாட்டார்களா. வீட்டில் கையுறை தேடுகிறேன், சமையலறை, பரண், பழைய மருந்துப் பெட்டி. இல்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்பு மாதிரி ஒன்று. முப்பத்து நாலு வருஷம் கையுறைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன்.

ஒன்பது வருஷம் ஆகிறது. ஐப்பசி அடைமழை. மருந்து இருப்பறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, பின்னால் போகிற சாக்கடை அடைத்துக்கொண்டு, கணுக்கால் அளவு, கறுப்பாக, பஞ்சும் புண் கட்டின துணியும் மிதந்துகொண்டு. அடித்தட்டில் குளுக்கோஸ் பாட்டில்கள். நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யேசுவடியானைக் கூப்பிடுங்கப்பா என்று கத்தினேன். வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, காக்கி அரைக்கால் சட்டை, வெற்றிலைக் கறை. குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து, சார், கையுறை ஒரு ஜோடி குடுங்க, உள்ள கண்ணாடி கிடக்கும் என்றார். கேட்டது தெளிவாகக் கேட்டது. அவர் அதற்கு முன்னால் கேட்டதில்லை, அன்றைக்குத்தான் கேட்டார். "ஸ்டாக் இல்லையே" என்றேன். என் முதுகுக்குப் பின்னால், மேல் தட்டில், மூன்று பெட்டி. ஒரு பெட்டிக்கு நூறு. முதுகில் அது அழுத்துகிற மாதிரி இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், அன்றைக்கு அப்படி ஒன்றும் அழுத்தவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? டாக்டர்களுக்கு வேண்டுமே என்று. மேலே கேட்பார்களே என்று. ஒன்பது வருஷமாக இந்தக் காரணங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன், எதுவும் சரியாக உட்காரவில்லை. இன்றைக்கு இந்தப் பூஞ்சையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது காரணம் தானாக வருகிறது, அழைக்காமல் வருகிறது. அந்தக் கைக்கு எதுக்கு உறை என்று தோன்றியது. அவ்வளவுதான். அந்தக் கை ஏற்கெனவே அந்தக் கைதானே. இப்படிச் சொற்களாகக் கூடத் தோன்றவில்லை, அதற்கும் கீழே, எங்கேயோ.

அவர் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, படுத்து, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ளே விட்டார். முகம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, ஒரு பக்கமாகத் திரும்பி, என்னைப் பார்த்தபடி. என்னைத்தான் பார்த்தாரா? பார்க்க வேறு பக்கம் இல்லை. இழுத்துப் போட்டார், துணிச்சுருள், ஊசிகள், உடைந்த புட்டி, ஒரு பெருச்சாளி, வயிறு வெடித்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. நான் ஸ்டூலில் இருந்து இறங்கினேன். அவர் உள்ளங்கையில் ஒரு வெட்டு, மணிக்கட்டு வரைக்கும். பஞ்சும் ஸ்பிரிட்டும் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், மேசையில் வைத்து, மர ஸ்கேலால் அவர் பக்கம் தள்ளினேன். பத்து நாளில் காய்ச்சல். கண் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் முடிந்தது. எலிக்காய்ச்சல் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்கூட்டிக் கொடுக்கிற மாத்திரையும் என் தட்டில் இருந்தது, கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலை செய்கிறவருக்கு எங்கிருந்தும் வரலாம், அன்றைக்குத்தான் வந்தது என்று யார் சொல்ல முடியும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன், அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்கிறேன். தொட்டியைச் சாய்க்கிறேன். பை வழுக்குகிறது, பிடி கிடைக்கவில்லை, செடி ஒரு பக்கமாகத் திரும்பி மெல்லிசாக ஒரு சத்தம், ஏதோ அறுகிறது. வேர். ஒரே செடி. பிள்ளை கேக்கா. பையைக் கழற்றி எறிகிறேன். கட்டைவிரல் ஓரத்தில் நேற்று நகம் வெட்டும்போது பட்ட காயம், சிவப்பாக இருக்கிறது. பார்க்கிறேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரத்தில் ஏறும், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எல்லாம் வரிசையாக மண்டையில் ஓடுகிறது. எனக்கு என்றால் ஓடுகிறது. கையை உள்ளே விடுகிறேன்.

குளிர்ச்சி. அதை எதிர்பார்க்கவில்லை, சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாணி விரல்களுக்கு நடுவில் பிதுங்கி நகத்துக்குள் ஏறுகிறது, உள்ளே ஏதோ உயிருள்ளது விரலை உரசிவிட்டு விலகுகிறது, நான் சத்தம் போடுகிறேன், என் சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்கிறது. மொத்தமாக வெளியே வருகிறது. தூக்கும்போது அந்தப் பெரிய குடுவை சாய்ந்து, பல்லியும் எறும்பும் கலங்கல் தண்ணீருமாக என் மணிக்கட்டில் ஊற்றி, முழங்கை வரைக்கும் வழிகிறது. பல்லியின் முதுகெலும்பு, சீப்பு மாதிரி, கை மயிரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வாந்தி. சாக்கடை வரைக்கும் போக முடியவில்லை, படியிலேயே. இட்லி, காப்பி, பிறகு மஞ்சளாக வெறும் கசப்பு. இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், வலது கை செடியைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறது, அதை மட்டும் விடவில்லை, ஏன் விடவில்லை என்று தெரியவில்லை. கண்ணில் நீர். இதில் முகத்தை வைத்துக்கொண்டு படுக்க முடியுமா ஒரு மனிதனால்? கால் மணி நேரம்? ஒரு ஆள் ஸ்டூலில் நின்று கைக்குட்டையோடு பார்த்துக்கொண்டிருக்க?

வாளி மழைத்தண்ணீரில் முக்குகிறேன். தண்ணீர் கறுக்கிறது. கொட்டிவிட்டு அடுத்த வாளி. மூன்றாவது வாளியில் வேர் தெரிகிறது, கறுப்பு, கன்னங்கரேல் என்று, இறந்த மாதிரி. கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன், நிஜமாகவே எடுத்துவிட்டேன், கருகிப்போனதெல்லாம் போகட்டும் என்று. பிறகுதான் அவன் சொன்னது ஞாபகம் வருகிறது. அமுக்கிப் பார்க்கிறேன். கம்பி மாதிரி இறுக்கமாக இருக்கிறது. அடுத்தது, அதுவும். நுனியில் இரண்டு மூன்று மட்டும் பிசுபிசுக்கிறது, அவற்றை வெட்டுகிறேன். மட்டைத்துண்டை மூன்று தடவை அலசுகிறேன். இரண்டு பங்கு, ஒரு பங்கு, ஒரு பங்கு, ஒரு கைப்பிடி. மருந்து கலந்த கை, அளவு தப்பாது. பாசியைத் தண்ணீரில் போட்டதும் அது உப்பி மிருதுவாகிறது, கலந்து, செடியை நடுவில் நிறுத்தி, சுற்றி மெல்ல நிரப்பி, இறுக்காமல் தட்டிவிடுகிறேன். மண் ஒரு துளி இல்லை. நிற்கிறது. கை மட்டும் நாறுகிறது, சோப்புப் போட்டு நாலு தடவை கழுவியாயிற்று, டெட்டாலும் போட்டாயிற்று, போகவில்லை. மோந்து பார்க்கிறேன், திரும்பவும் மோந்து பார்க்கிறேன். பல்லியின் வாடை போய்விட்டது என்று தெரிகிறது. இது வேறு. இது சோப்புக்கு முந்தின வாடை. தெரியுமா அவனுக்கு, தெரியாதா, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், பத்து அடி நடந்தால் அது, உட்கார்ந்தால் அது. தெரியாது என்றால் நான் தப்பித்தேன். தப்பித்து எங்கே போகப்போகிறேன், பாளையங்கோட்டைக்கா? போய் அந்த வீட்டில் உட்கார்ந்து, அவன் மாமா என்று கூப்பிட, நான் அவன் முகத்தைப் பார்த்து, அந்த முகம் ஒரு பக்கமாகத் திரும்பினால் என்ன செய்வேன்.

போனை எடுத்தேன். விரல் ஈரத்தில் இரண்டு தடவை எண் தப்பியது. அவன்தான் எடுத்தான்.

"முடிஞ்சிட்டா சார்?"

"முடிஞ்சிட்டு."

"நிழல்ல வையுங்க. ரெண்டு வாரம் வாடின மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க."

"ரூபன்" என்றேன். அந்தப் பேரை நான் சொல்வது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு உங்கப்பா என்கிட்ட கையுறை கேட்டாரு."

பின்னால் எங்கேயோ குக்கர் விசில் கேட்டது. உலகு யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார்" என்றான். "அப்பா வந்து சொன்னாங்க. ஸ்டாக் இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னு. பாவம், சாரு என்ன செய்வாரு, மேல இருந்து குடுத்தாத்தானே அவரு குடுக்க முடியும்னு சொன்னாங்க. காய்ச்சல்ல கிடக்கும்போதும் அம்மாகிட்ட அதான் சொன்னாங்க."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், சாரு. ஒன்பது வருஷமாக நான் தேடித் தேடி வைத்துப் பார்த்த காரணம், அவர் எனக்காக அன்றைக்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான். ஆமாம்ப்பா, மேல குடுக்கல என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது அது, தித்திப்பாக வந்தது. தித்திப்பு தட்டியதும் குமட்டியது.

"இருந்துச்சு" என்றேன். "மூணு பெட்டி இருந்துச்சு. எனக்குப் பின்னாலதான் இருந்துச்சு. நான் குடுக்கல."

வைத்துவிட்டான் என்று நினைத்தேன், காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவன் குரல் வந்தது, வேறு யாருடையதோ மாதிரி.

"ஏன் குடுக்கல?"

காரணத்தைச் சொன்னேன். காலையில் வந்த காரணத்தை, வந்த மாதிரியே, அந்தக் கைக்கு எதுக்கு என்று தோன்றியதை. சொல்லும்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"குழலிகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றான் கடைசியில். "நீங்கதான் சொல்லணும். இப்பவே." நடக்கிற சத்தம் கேட்டது. கதவு. போன் கை மாறுகிற உரசல்.

"அப்பா?" என்றாள் குழலி. எட்டு மாசம். "என்னப்பா? இவங்க ஏன் ஒரு மாதிரி போறாங்க?"

சொன்னேன். ஸ்டூலில் இருந்து ஆரம்பித்தேன், மர ஸ்கேல் வரைக்கும். முடித்ததும் அவள் மூச்சு மட்டும் கேட்டது, அழுகையா கோபமா என்று தெரியாத மூச்சு. பிறகு ரொம்ப நிதானமாக, வகுப்பு எடுக்கிற குரல் இல்லை, அதற்கும் முந்தின ஏதோ ஒரு குரலில் சொன்னாள்.

"கால் சரியான பொறவு நானே இவங்களக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அங்க வரலாம்னு இருந்தேம்ப்பா. அம்மாகிட்ட நேத்துதான் சொன்னேன்." நிறுத்தினாள். "இனி நான் வரதும் நீங்க வரதும் என் கையில இல்ல. ரூபன்தான் சொல்லணும்."

"சரிம்மா."

"எத்தனை வருசமானாலும் அவங்கதான் சொல்லணும்."

"சரி" என்றேன். அவள் போனை வைத்தாள். வெளியே சாரல் வலுத்தது. நான் எழுந்து வாளியில் தண்ணீர் எடுத்து, படியில் கிடந்த என் வாந்தியை நானே கழுவ ஆரம்பித்தேன்.